அட்டவணையில் மறைந்தவை

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணிப்பொறியில் நாம் எழுதும் ஓர் அட்டவணையில் நெடுவரிசைகள் பல இருக்கின்றன. அவற்றுள் நமக்கு இப்போது வேண்டியவை சில, வேண்டாதவை பல. ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, வேண்டியவற்றைக் காட்டி, ஏனையவற்றை மறைக்குமாறு கணிப்பொறிக்குக் கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிடலாம். அக்கட்டளைத் தொகுப்பிற்கு மேக்ரோ என்று பெயர். இவ்வளவுதான் பொருள். இதற்கென்று ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால், இச்சிறு காரியத்தில் நான் செய்த ஒரு பிழையால் என் மாணவி ஒருத்தி ஓர் ஆண்டை இழந்தாள். ஆதலால்தான் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

நான் தருமபுரி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணி செய்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த நாளில் கணிப்பொறியை நான் கண்ணால் கண்டதும் இல்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. மாணவன் கையில் மடிக்கணினி இருக்க, தலைமையாசிரியன் கையில் ரூல்தடி மட்டும் இருப்பது அழகன்று என்று எனக்குத் தோன்றிற்று. ஐம்பதைக் கடந்த வயதில் என் மாணவர்களிடமே பாடம் கேட்டு அட்டவணைச் செயலியைக் கற்றேன். ஆசிரியர் மாணவரானால் மாணவர்கள் எவ்வளவு கண்டிப்பான ஆசிரியர்களாகிறார்கள் என்பதையும் அப்போது அறிந்தேன்!

வடிகட்டுதல் என்றால் என்ன என்பதை முதலில் காண்போம். எங்கள் பக்கத்து வீடுகளில் கேழ்வரகு மாவைச் சல்லடையில் இட்டுச் சலிப்பார்கள். மெல்லிய மாவு கீழே விழும். கப்பி மேலே தங்கும். இரண்டும் இரண்டு இடங்களுக்குப் போய்விடும். அட்டவணையில் வடிகட்டுதல் இத்தகையதன்று. அங்கே எதுவும் இடம் மாறுவதில்லை. எதுவும் வெளியே போவதும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் என்ற வேறுபாடு மட்டுமே உண்டு.

அதற்குச் சரியான உவமை எங்கள் ஆசிரியத் தொழிலிலேயே இருக்கிறது. சரியான விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் வினாத்தாள்களைத் திருத்தும்போது, ஓர் அட்டையில் சரியான விடைகளுக்குரிய இடங்களில் மட்டும் துளையிட்டு வைத்துக்கொள்வோம். அட்டையை விடைத்தாளின்மேல் வைத்தால், துளை வழியே தெரியும் குறிகளை எண்ணினால் போதும், மதிப்பெண் வந்துவிடும். அட்டையின் கீழே மாணவன் குறித்த மற்றவை மறைந்திருக்கின்றன. ஆனால் அழிந்து போகவில்லை. அட்டையை எடுத்தால் எல்லாம் முன்போல் தெரியும். வடிகட்டி என்பது இந்தத் துளையிட்ட அட்டைதான். துளையைத் தவறான இடத்தில் இட்டுவிட்டால் விடைத்தாள் என்ன செய்யும்? சரியாக எழுதிய மாணவனும் தவறியவனாகத் தோன்றுவான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளையிட்ட அட்டையைக் கொண்டு பெருங்கணக்கைப் பிரித்தறியும் முறை பழமையானது. அமெரிக்க நாட்டில் 1880-ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பும் அப்படியே நீண்டால், ஒன்றை முடிக்கும் முன்னே மற்றொன்று வந்துவிடுமே என்ற கவலை பிறந்தது. அப்போது எர்மன் ஹாலரித் என்பவர் ஓர் இயந்திரம் செய்தார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. ஆணா பெண்ணா, வயது என்ன, தொழில் என்ன என்பவற்றுக்கு ஏற்ப அட்டையில் துளைகள். அட்டையின்மேல் ஊசிகள் இறங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே சென்று பாதரசத்தைத் தொடும், மின்னோட்டம் பாயும், எண்ணும் முள் ஒன்று நகரும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வியந்திரம் பயன்பட்டது. ஒரு கட்டத்தின் மதிப்பைப் பார்த்துப் பிரித்தறிதல் என்ற நம் பொருளின் முன்னோடி இதுவே.

நாம் இன்று பயன்படுத்தும் அட்டவணைச் செயலி ஒரு வகுப்பறையிலே பிறந்தது என்பதில் ஆசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1978-ஆம் ஆண்டில் ஹார்வார்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவார். ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்து எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் கரும்பலகை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று அம்மாணவர் எண்ணினார். பாப் பிராங்க்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற செயலி 1979-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கென வெளிவந்தது. பின்னர் 1985-இல் எக்செல் வந்தது. 1993-இல் வந்த எக்செல் பதிப்பில், அட்டவணைக்குள்ளேயே நிரல் எழுதும் வசதியாக விஷுவல் பேசிக் மொழி சேர்க்கப்பட்டது. இன்று நாம் எழுதும் எக்செல் மேக்ரோக்கள் பெரும்பாலும் அம்மொழியில் அமைந்தவையே.

இனி என் பள்ளிக்கு வருவோம். பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. வருகைப் பதிவை நான் அட்டவணையில் எழுதி வைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிடைவரிசை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நெடுவரிசை. முதல் வரியில் தேதி. இரண்டாம் வரியில் அந்நாள் வேலை நாளா, விடுமுறையா என்ற குறிப்பு. அதன் கீழே, வந்தவர்க்கு ஒன்று, வராதவர்க்குச் சுழி. ஓர் ஆண்டிற்கு 365 நெடுவரிசைகள். 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை எக்செல் தாளில் 256 நெடுவரிசைகளே உண்டு. ஓர் ஆண்டு அதில் அடங்காது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 16,384 நெடுவரிசைகள் கிடைத்தன. எனவே இடத்திற்குக் குறைவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே. விடுமுறை நாட்களை மறைத்துவிட்டு, வேலை நாட்களை மட்டும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளை தொடர்ந்து மூன்று வேலை நாட்கள் வரவில்லையோ, அந்தப் பிள்ளையின் வீட்டிற்கு அவ்வார இறுதியில் ஓர் ஆசிரியர் போக வேண்டும். இது எங்கள் பள்ளியில் நாங்களே வகுத்துக்கொண்ட விதி. எங்கள் வட்டாரத்தில் இவ்விதி எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஊரறிந்தவர் அறிவர். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளும் உடன் போய்விடுவார்கள். பெண்பிள்ளை என்றால் நூற்பாலைக்கு அனுப்புவதும், இளவயதிலே மணம் பேசுவதும் உண்டு. மூன்று நாட்களில் போய்ப் பேசினால் பிள்ளை திரும்பி வரும். மூன்று வாரம் கழித்துப் போனால் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும்.

அட்டவணைச் செயலியில் வடிகட்டும் வசதி இயல்பாகவே இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாகாதா என்று கணிப்பொறி படிக்கும் மாணவர்கள் கேட்பீர்கள். அந்த வசதி கிடைவரிசைகளை மட்டுமே மறைக்கும். எட்டாம் வகுப்பு மாணவரை மட்டும் காட்டு என்றால் காட்டும். வேலை நாட்களாகிய நெடுவரிசைகளை மட்டும் காட்டு என்றால் அதற்கு வழி இல்லை. அட்டவணையையே புரட்டி, வரிசைகளை நெடுவரிசைகளாகவும் நெடுவரிசைகளை வரிசைகளாகவும் மாற்றிக்கொள்ளலாம். அண்மைப் பதிப்புகளில் உள்ள ஃபில்டர் என்னும் சார்பினைக் கொண்டு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் வேறோர் இடத்தில் வருவித்தும் காணலாம். அந்நாளில் எங்களிடம் இருந்த பதிப்பில் இச்சார்பு இல்லை. ஆகவே மேக்ரோ எழுத முற்பட்டேன்.

மேக்ரோ என்ற சொல் பெரியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு சொல்லால் பல கட்டளைகளை நிறைவேற்றுவிப்பது என்பது கருத்து. நான் எழுதிய மேக்ரோவைத் தமிழில் சொன்னால் இப்படியிருக்கும்: முதல் நாளுக்குரிய நெடுவரிசையில் தொடங்கு. அதன் இரண்டாம் வரியில் உள்ள கட்டத்தைப் பார். அதில் உள்ள சொல்லும், தாளின் இடது மேல் மூலையில் நான் எழுதி வைத்துள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால் நெடுவரிசையைக் காட்டு, இல்லையேல் மறை. பின்பு அடுத்த நெடுவரிசைக்குப் போ. கடைசி வரை இப்படியே செய். இடது மேல் மூலையில் ‘வேலை’ என்று எழுதினால் வேலை நாட்கள் மட்டும் தெரியும். ‘விடுமுறை’ என்று எழுதினால் விடுமுறை நாட்கள் மட்டும் தெரியும். கண்ணிமைக்கும் நேரத்தில் 365 நெடுவரிசைகள் சுருங்கி ஒழுங்காக நின்றபோது எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மேக்ரோவை ஓட்டி, தாளை அச்சிட்டு, சிவப்பு மையினால் மூன்று சுழிகளை வட்டமிட்டு ஆசிரியர்களிடம் கொடுப்பேன். இரண்டு ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது.

ஒரு தை மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு வாரம் ஆயிற்று. வழக்கம்போல் வெள்ளிக்கிழமை அச்சிட்டுப் பார்த்தேன். எந்தப் பிள்ளைக்கும் தொடர்ச்சியாக மூன்று சுழிகள் இல்லை. மனநிறைவோடு வீடு சென்றேன். அடுத்த வெள்ளிக்கிழமையில், ஏதோ அலுவலகப் பணி காரணமாகத் தாளையே பார்க்கவில்லை. அதற்கு மறு திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் தயங்கி நின்றாள்.

“சார், என் பக்கத்தில் உட்காருகிற பெண் இனிமேல் வரமாட்டாள். அவளை மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள்” என்றாள்.

“எப்போது?”

“பொங்கல் முடிந்ததும் போய்விட்டாள் சார். நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று அவள் அம்மா இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.”

அந்தச் சொற்கள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன. உடனே வகுப்பாசிரியரை அழைத்து அவர் கைப்பட எழுதும் பதிவேட்டைப் பார்த்தேன். பொங்கலை அடுத்த ஐந்து நாட்களும் அவளுக்கு வராமைக் குறி தெளிவாக இருந்தது. கணிப்பொறியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தேன். அங்கும் ஐந்து சுழிகள் இருந்தன. ஆனால் அந்த ஐந்து நெடுவரிசைகளும் மறைந்திருந்தன. இரண்டாம் வரியில் ‘வேலை’ என்றுதான் எழுதியிருந்தது. என் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. வெகுநேரம் ஆராய்ந்த பிறகு கண்டுபிடித்தேன்: அந்த வாரத்தை உள்ளிடும்போது, ‘வேலை’ என்னும் சொல்லை அடுத்து ஓர் இடைவெளி விழுந்திருந்தது. இடைவெளித் தட்டியை ஒருமுறை கூடுதலாக அழுத்தியதன் விளைவு. ஒரு கட்டத்தில் விழுந்தது, மற்ற நான்கிற்கும் படியெடுக்கப்பட்டிருந்தது. மனிதக் கண்ணுக்கு அது வெறுமை. இயந்திரத்திற்கோ அது ஓர் எழுத்து. இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்று அது தீர்ப்பளித்தது. மறை என்ற என் கட்டளைப்படி மறைத்தது.

அச்சிட்ட தாளில் தேதிகள் தாவியிருந்தனவே, அதை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். பொங்கல் விடுமுறையோடு சேர்ந்து அந்த வாரமும் மறைந்தமையால், எல்லாம் விடுமுறை என்று மனம் தானாகவே சமாதானம் செய்துகொண்டது. திரையில் பார்த்திருந்தால் நெடுவரிசைகளின் தலைப்பெழுத்துகள் இடையிலே தாவுவதைக் கண்டிருக்கலாம். அச்சுத்தாளில் அவ்வெழுத்துகள் வருவதில்லை. இவையெல்லாம் காரணங்கள். எவையும் மன்னிப்பு ஆகா.

நானும் வகுப்பாசிரியரும் அவள் ஊருக்குப் போனோம். தாய் நோயுற்றிருந்தார். முன்பணம் வாங்கிவிட்டார்கள். பலமுறை பேசி, பெரியவர்களைக் கொண்டு சொல்லி, அவளைத் திரும்ப அழைத்து வர நாற்பது நாட்களுக்கு மேல் ஆயின. ஆண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. மறு ஆண்டு மீண்டும் அதே வகுப்பில், தன்னைவிட இளையவர்களோடு அமர்ந்தாள். பின்னர்ப் பத்தாம் வகுப்பை முடித்தாள் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் முதல் மூன்று நாட்களுக்குள் நாங்கள் போயிருந்தால் அந்த ஆண்டு வீணாகியிருக்காது.

மாணவர்களே, இயந்திரம் தவறு செய்யவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே அது தந்தது. என் கேள்வியில் இரண்டே கதவுகள் இருந்தன: ஒன்றாக இருந்தால் காட்டு, இல்லையேல் மறை. ஐயத்திற்குரியது என்று ஒரு மூன்றாம் கதவை நான் வைக்கவில்லை. ஆகவே ஐயத்திற்குரியவை எல்லாம் ஓசையின்றி மறையும் கதவு வழியே போய்விட்டன. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். அதை இன்னும் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன்.

நம் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ‘தருமபுரி’ என்று எழுதுகிறோம். சிலர் ‘தர்மபுரி’ என்று எழுதுகிறோம். படிப்பவர்க்கு இரண்டும் ஒரே ஊர். வடிகட்டிக்கோ இரண்டும் இரண்டு ஊர்கள். ஒன்றைக் கேட்டால் மற்றதை மறைத்துவிடும். பலர் கூடி உள்ளிடும் அட்டவணையில் இப்படிப் பாதி மாவட்டம் காணாமல் போகலாம். தமிழ் எழுத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியைக் கணிப்பொறியில் ஒரே குறியீடாகவும் அமைக்கலாம். முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால் என இரண்டு குறியீடுகளாகவும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மேக்ரோவின் ஒப்பீட்டில் ஒன்றாகா.

அடுத்து நம் மாவட்டத்தின் நீரைப் பாருங்கள். இங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளூரைடு என்னும் பொருள் நிலத்தடி நீரில் கரைகிறது. அது அளவு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் பருகினால் பற்களில் கறை படியும். எலும்பும் மூட்டும் கெடும். இதை மாற்றவே ஒகேனக்கலில் காவிரி நீரை எடுத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீருக்கு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு.

நீங்கள் உங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதித்து ஓர் அட்டவணை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 1.5-க்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டு என்று வடிகட்டுகிறீர்கள். ஒரு கிணற்றுக்கு எதிரே ஒரு மாணவன் ‘2.8 மி.கி.’ என்று அலகையும் சேர்த்து எழுதிவிட்டான். அந்தக் கட்டத்தை இயந்திரம் எண்ணாகக் கொள்ளாது, எழுத்தாகவே கொள்ளும். ஆகவே கெட்ட நீருள்ள அந்தக் கிணறு பட்டியலில் வராது. இன்னொரு கிணறு சோதிக்கப்படவே இல்லை. அதன் கட்டம் வெறுமையாக இருக்கிறது. வெறுமை 1.5-க்கு மேற்பட்டதன்று, ஆகவே அதுவும் வராது. பட்டியலைப் பார்ப்பவர், இதில் இல்லாத கிணறுகள் எல்லாம் நல்லவை என்று எண்ணிக்கொள்வார். சோதிக்கப்படாத கிணறு தூய கிணறு ஆகுமா? சுழி என்பது ஒரு விடை. வெறுமை என்பது விடை இன்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது கணக்கில் மட்டுமன்று, வாழ்க்கையிலும் பெரும் பிழை.

உலகில் பெரிய நிறுவனங்களும் இவ்வகைப் பிழைக்கு ஆளாகியிருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் நிதி நிறுவனம் முறிந்தபோது, அதன் ஒரு பகுதியை பார்க்ளேஸ் வங்கி வாங்கிற்று. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்ற பட்டியல் எக்செல் தாளில் இருந்தது. வேண்டாத 179 ஒப்பந்தங்களின் வரிசைகள் அதில் மறைக்கப்பட்டிருந்தன, நீக்கப்படவில்லை. நீதிமன்றத்திற்கு அனுப்புவதற்காக அத்தாளை வேறு வடிவத்திற்கு மாற்றியபோது மறைந்திருந்தவை வெளிப்பட்டு, வாங்கியவற்றோடு சேர்ந்துவிட்டன. அவற்றை விலக்கித் தருமாறு பின்னர் நீதிமன்றத்தை வேண்ட நேர்ந்தது. மறைத்தது அகற்றியது ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் கொரோனாத் தொற்றுக்கு ஆளானவர்களின் பட்டியலில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் விடுபட்டுப் போயினர். பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் அடங்காது. எஞ்சியவை ஓசையின்றி வெட்டுண்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதப்பட்டது. அங்கே எவரும் எதையும் மறைக்க எண்ணவில்லை. ஆயினும் வந்த வரிசைகள் எத்தனை, சேர்ந்த வரிசைகள் எத்தனை என்று ஒத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இனி, நான் என் மேக்ரோவை எப்படித் திருத்தினேன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் எழுதும்போது இவை பயன்படும்.

முதலாவதாக, வேலையைத் தொடங்கும் முன் எல்லா நெடுவரிசைகளையும் வெளிப்படுத்திவிடுமாறு செய்தேன். நேற்றைய மறைப்பு இன்றைய கேள்வியில் கலக்கலாகாது.

இரண்டாவதாக, கட்டத்தில் உள்ள சொல்லை ஒப்பிடும் முன் அதன் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளைக் களைந்துவிடச் சொன்னேன். அதற்கு அம்மொழியில் ஒரே ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை முன்பே எழுதியிருந்தால்...! போகட்டும்.

மூன்றாவதாக, மூன்றாம் கதவை வைத்தேன். கட்டத்தில் ‘வேலை’ என்று இருந்தால் காட்டு. ‘விடுமுறை’ என்று இருந்தால் மறை. இவ்விரண்டும் அல்லாத வேறு எது இருந்தாலும், வெறுமையாகவே இருந்தாலும், மறைக்காதே. அந்த நெடுவரிசைக்கு மஞ்சள் நிறம் பூசிக் காட்டு. ஐயத்திற்கு இடமானதைக் கண்ணுக்கு முன்னே கொண்டு வர வேண்டுமேயன்றி, கண்ணுக்குப் பின்னே தள்ளலாகாது.

நான்காவதாக, இறுதியில் மூன்று எண்களைச் சொல்லுமாறு செய்தேன்: காட்டியவை இத்தனை, மறைத்தவை இத்தனை, ஐயத்திற்குரியவை இத்தனை. மூன்றும் சேர்ந்தால் மொத்த நாட்கள் வர வேண்டும். கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

ஐந்தாவதாக, மூலத் தாளை என்றும் தொடுவதில்லை. அதன் படியிலேயே மேக்ரோவை ஓட்டுவேன். நாம் கையால் செய்த பிழையைத் திரும்பப் பெறும் வசதி எக்செலில் உண்டு. மேக்ரோ செய்ததை அவ்வாறு திரும்பப் பெற முடியாது. அறியாதவர் அனுப்பிய கோப்பில் உள்ள மேக்ரோவை ஓட்டவும் கூடாது. 1999-இல் மெலிசா என்ற தீநிரல் உலகெங்கும் மின்னஞ்சல் வழியே பரவியது ஒரு கோப்பில் இருந்த மேக்ரோவினால்தான்.

இவையெல்லாம் கணிப்பொறியில் செய்யத்தக்கவை. ஆறாவதாக ஒன்று உண்டு; அது கணிப்பொறிக்கு வெளியே செய்வது. அந்தத் தை மாதத்திற்குப் பின், ஓய்வு பெறும் நாள் வரை, வெள்ளிக்கிழமை மாலையில் அச்சுத்தாளை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “இந்தத் தாளில் இல்லாத பிள்ளைகளில், உங்கள் மனத்தை உறுத்தும் பிள்ளை யாராவது உண்டா?” பெரும்பாலான வாரங்களில் இல்லை என்பார்கள். சில வாரங்களில் ஒரு பெயர் வரும். அந்த வீட்டிற்கும் போவோம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை அலுவலகங்களில், வங்கிகளில், மருத்துவமனைகளில், ஆட்சிப் பணிகளில் அமர்வீர்கள். ஆயிரக்கணக்கான மனிதர்கள் உங்கள் திரையில் ஒவ்வொரு வரியாக வந்து நிற்பார்கள். வடிகட்டும் ஆற்றல் உங்கள் விரல் நுனியில் இருக்கும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், அஞ்சாமல் பயன்படுத்துங்கள். விசிகால்க்கை உருவாக்கியவரும் உங்களைப் போல் வகுப்பறையில் அமர்ந்திருந்த ஒரு மாணவரே. ஆனால், திரையில் எது தெரிகிறது என்று பார்த்த பிறகு, எது தெரியவில்லை என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மறைந்த நெடுவரிசைக்குள் ஒரு பிள்ளை நமக்காகக் காத்திருக்கக்கூடும்.